மூக்குத்தியின் பெயரில் ஒரு விண்ணப்பம்

ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே சோறும் இருக்காது, குழம்பும் இருக்காது. கைக்குட்டை அளவுக்கு வெட்டிய வெள்ளை மல் துணிகள் நான்காக மடித்து அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் நூலால் கட்டிய சிறு அட்டைத் துண்டு. அதில் பென்சிலால் ஒரு பெயரும், மலைக்கு வந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணும். சில துணிகளில் நுரை காய்ந்த தடமும் புல்லின் பச்சையும் மட்டும் இருக்கும். சிலவற்றில் துருப்பிடித்த ஆணியை மடித்து வைத்த மாதிரி பழுப்பும் சிவப்புமாய்ப் புள்ளிகள் இருக்கும். பந்தயக் குதிரைகளின் மூக்கைத் துடைத்த துணிகள் அவை. ஊட்டியில் சீசனுக்குக் குதிரைகள் வந்து இறங்கிய அந்த ஏப்ரல் மாதம் முழுக்க, காலை எட்டரை மணிக்கு அந்த டப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். துணிகளை எண்ணிப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. மூடியில் கை வைக்கும்போதே ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். ரத்தத்துக்குப் பயந்து அல்ல. நான் திறப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அப்போது கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்ததும், கேஸை மூடினேனா என்ற கவலை பிடிக்கும். அது தீர்வதற்குள் டிரைவர் நன்றாகத் தூங்கினாரா என்ற கவலை வந்துவிடும். 'நீ பயப்படாத நாள் ஒண்ணு வந்தாச் சொல்லு, காலண்டர்ல வட்டம் போட்டு வெக்கிறேன்' என்பார் என் வீட்டுக்காரர். அதற்கு முன் பல வருடம் ஒரு டீ எஸ்டேட் அலுவலகத்தில் நான் கிளார்க். அங்கே தொழிலாளிகளுக்கெல்லாம் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒரு நம்பர் உண்டு. ஒருமுறை இரண்டு நம்பர்களை மாற்றி ஏற்றிவிட்டேன். வேலைக்கு வந்தவருக்கு லீவு விழுந்தது, வராதவருக்கு வருகை விழுந்தது. வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஆபீஸ் மொத்தமும் கேட்க என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். 'பேரைப் பாத்து எழுதியிருந்தா இப்படி ஆகுமா?' என்று அவர் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு நம்பர் மேல் நம்பிக்கை போய்விட்டது. பெயர்தான் பத்திரம் என்று மனதில் பதிந்துபோனது.

எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். எங்கள் சர்ச் நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ஆராய்ச்சி விண்ணப்பம் தயாரிக்க டைப்பிங் தெரிந்தவர் தேவை. அப்படித்தான் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் குதிரை மருத்துவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை எடுத்து அலுவலகம் வைத்திருந்தார். கீழே வர்க்கி வேகும் வாசனை மேலே வரும். அது வந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கி, காகிதப் பொட்டலத்தோடு திரும்புவார். சேறு காயாத கம்பூட்ஸோடு அறைக்குள் நடப்பார். தரையைப் பார்த்து நான் முகம் சுளித்தால், 'நாளைக்குக் கழட்டிடறேங்க்கா' என்பார். அந்த நாளை வந்ததே இல்லை. அவருக்கு அந்த வேலை ஒரு வருட ஒப்பந்தம். ஆராய்ச்சிக்கு நிதி கிடைத்தால் மூன்று வருடம் தொடரலாம். கிடைக்காவிட்டால் ஜூனோடு மூட்டை கட்டவேண்டியதுதான். எனக்கும் அதே கதிதான், ஆனால் என்னை விடுங்கள்.

அவருடைய கேள்வி எளிமையானது. குதிரைகள் சமவெளியிலிருந்து லாரியில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரே மூச்சில் ஏழாயிரம் அடி உயரத்துக்கு வந்து இறங்குகின்றன. கீழேயிருந்து வரும் மனிதருக்கே முதல் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். குதிரைகளையோ நாலைந்து நாளிலேயே வேகமாக ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். ஓடுகிற வேகத்தில் நுரையீரலில் மெல்லிய நாளங்கள் வெடித்து ரத்தம் கசியும். சில குதிரைகளுக்கு அது மூக்கு வழியாக வெளியே வரும். பந்தயக் குதிரைகளுக்கு எந்த ஊரிலும் இது வரக்கூடியதுதான். மலையேறி வந்த குதிரையை எத்தனை நாள் சும்மா நிறுத்தினால் இது குறையும் என்பதைத்தான் டாக்டரம்மா கண்டுபிடிக்க நினைத்தார். அதற்குத்தான் நிதி, அதற்குத்தான் விண்ணப்பம். ஆனால் நிதி தருகிறவர்கள் வெறும் கேள்வியை வைத்துக்கொண்டு தரமாட்டார்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்தது என்ன, கொஞ்சமாவது காட்டுங்கள் என்பார்கள்.

அதுதான் கிடைக்காத சரக்கு. மூக்கில் ரத்தம் வந்தது என்று பதிவாகிவிட்டால் அந்தக் குதிரையைக் கொஞ்ச காலம் ஓடவிடமாட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தால் அதன் பந்தய வாழ்க்கையே முடிந்தது. அதனால் லாயத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஓடிவிட்டு வரும் குதிரையின் தலையைப் பிடித்து நிறுத்துகிற ஆள், பேச்சுக் கொடுத்தபடியே அதன் மூக்கைத் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அடுத்த நிமிஷம் துண்டு வாளித் தண்ணீரில் கிடக்கும். 'ஒருத்தர் தோள்லயும் வெள்ளைத் துண்டு இல்ல, கவனிச்சீங்களா அக்கா?' என்று டாக்டரம்மா முதல் வாரமே என்னிடம் கேட்டார். உண்மைதான். எல்லாம் அரக்கு நிறம், இல்லாவிட்டால் கருநீலம். என் கண்ணுக்கு அது அழுக்குத் தாங்கும் நிறமாகத்தான் பட்டிருந்தது.

ஒரு லாயத்தில் மட்டும் டாக்டரம்மா விடாமல் போய் நின்றார். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். குதிரைக்கும் எனக்கும் நடுவே எப்போதும் ஒரு கட்டில் போடுகிற அளவு இடைவெளி இருக்கும். அங்கே மூத்த குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். லாயத்துப் பேச்சில் குதிரையைப் பராமரிப்பவருக்கு சைஸ் என்று பெயர். டாக்டரம்மா அவரை சைஸ் அண்ணா என்று கூப்பிட, எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஊட்டியிலேயே காந்தல் பகுதிக்காரர். விவரம் தெரிந்த வயதிலேயே குதிரையோடு கீழே போனவர். சீசன் வந்தால் குதிரையோடு மேலே வருவார். சொந்த ஊருக்கே விருந்தாளி. அவர் பொறுப்பில் ஒரு பெண் குதிரை இருந்தது. பழுப்பு உடம்பு, இடது மூக்கோரத்தில் மட்டும் சுண்டுவிரல் நக அளவுக்கு வெள்ளை. பந்தயச் சீட்டில் அதற்கு நீளமாய் ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. அவருக்கு அது மூக்குத்தி.

ஒரு வாரம் அவர் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எட்டாம் நாள், மூக்குத்தியின் பிடரியைச் சீவிக்கொண்டே, குதிரையிடம் பேசுவது போலப் பேசினார். 'மேல வந்து பத்து நாளாச்சும் சும்மா நிக்கோணும். மூச்சு பழகோணும். நாஞ் சொன்னா யாருங்க கேக்கறாங்க? நீங்க காயிதத்துல போட்டாக் கேப்பாங்க.' டாக்டரம்மா அவரைவிடத் தாழ்ந்த குரலில், மூக்கைத் துடைக்கிற துணியைத் தண்ணீரில் போடாமல் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் லாயத்தில் அப்போது ஏழு குதிரைகள். ஏழின் துணியும் தருகிறேன் என்றார். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. 'உங்க பேரு எங்கயும் வராதுண்ணா. குதிரை பேரும் வராது. இது என் வாக்கு' என்று தானாகவே சொன்னார். அவர் கேட்டு இவர் கொடுத்த வாக்கு அல்ல அது. சைஸ் அண்ணன் தலையை ஆட்டிவிட்டுத் தீவனத் தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து டிபன் டப்பா வரத் தொடங்கியது. லாயத்துப் பக்கமிருந்து டிபன் டப்பாவோடு ஒருவர் நடந்து வந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் சைஸ் அண்ணன் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வை என்னையும் தொற்றிக்கொண்டது. பேக்கரிக்காரர் தற்செயலாகப் படியேறி வந்தால்கூட டப்பாவை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த மாதம் எனக்கு அப்படித்தான் கழிந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் சைஸ் அண்ணனுக்கு அந்த லாயத்தில் மட்டுமல்ல, எந்த லாயத்திலும் இடம் இருக்காது. ஓய்வுக்கு முந்தைய வயதில் அவர் எங்கே போவார், என்ன செய்வார்? இதை நினைத்து நினைத்தே எனக்குச் சாப்பாடு இறங்காது. 'உனக்கும் அந்த மனுஷனுக்கும் என்ன சொந்தம், இப்படி உருகற?' என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். சொந்தம் ஒன்றுமில்லை. வேலை போனவர்களின் வீட்டை நான் உள்ளிருந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். எஸ்டேட்டில் நான் பார்க்காத படிவமா என்ற இறுமாப்போடு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் இறுமாப்பு இறங்கிவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை சொல்தான் என்று அளவு. ஒரு சொல் கூடினால் பெட்டி சிவப்பாகிவிடும். இந்த ஆராய்ச்சியால் பயன்பெறுவோர் யார் என்று ஒரு கேள்வி. டாக்டரம்மா முதலில் 'குதிரைகள்' என்று ஒரே ஒரு சொல் அடிக்கச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டு அதை அழித்துவிட்டு, தொழில், பொருளாதாரம், சமூகம் என்று அரைப் பக்கம் சொன்னார். நான் அடித்துக்கொண்டே போனேன். அழித்த அந்த ஒற்றைச் சொல்தான் சரியான பதில் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நாலு லாயங்களின் பயிற்சியாளர்கள், வரும் வருடம் குதிரைகளைப் பரிசோதிக்க வாய்மொழியாகச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். சைஸ் அண்ணனின் பயிற்சியாளரும் அதில் ஒருவர். தன் லாயத்துத் துணிகள் ஏற்கெனவே எங்கள் மேஜையில் இருப்பது அவருக்குத் தெரியாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அடுத்த வேலைநாளே, எழுத்தில் சம்மதம் கேட்டு அதன் நகலை அந்த நாலு பேருக்கும் நிதி தருகிறவர்களே அனுப்புவார்கள். இது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது.

பதினோராம் பக்கத்தில் அட்டவணை. முதல் வரிசையில் குதிரையின் அடையாளம், அடுத்து மலைக்கு வந்த நாள் கணக்கு, அடுத்து துணியில் ரத்தம் உண்டா இல்லையா. 'ரேஸ் கார்டுல இருக்கற பேரு ஒண்ணுகூட வந்துறக்கூடாதுக்கா' என்று டாக்டரம்மா நாலு முறை எச்சரித்தார். நான் அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எந்தத் துணி எந்த நம்பர் என்று எங்காவது மாறிப்போய்விட்டால்? ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திய அந்த மனிதர் கண்முன் வந்துவிட்டார். அட்டைத் துண்டில் சைஸ் அண்ணன் எழுதியிருந்த லாயத்துப் பெயர்களையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். மூக்குத்தி, கலெக்டர், சண்டைக்காரி, இப்படி ஏழு. வடக்கே எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மூக்குத்தி யாரென்று எப்படித் தெரியும் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். டாக்டரம்மாவும் அந்த அட்டவணையைப் பார்த்தார். அவரும் ஒரு மாதமாக அந்தப் பெயர்களிலேயே புழங்கியவர். எண்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. நாலரைக்கு மூடுபனி இறங்கி, நெட் இழுத்துக்கொண்டு நின்றது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா நகத்தைக் கடித்தார். நான் கையைக் கோத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஜெபம் செய்தேன். ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. டாக்டரம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன். வீட்டுக்காரர் நிஜமாகவே எழுந்து போய்ப் போட்டார்.

அந்த வட்டத்துக்கு ஆயுள் ஒரு ராத்திரிதான். சனிக்கிழமை காலை, காலி டப்பாவில் புதுத் துணிகள் வைத்துக் கொடுப்பதற்காக லாயத்துக்குப் போனேன். சைஸ் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். அதே நேரம் பயிற்சியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: 'மூக்குத்தி ராத்திரி சரியாத் தின்னலியாமே?' சைஸ் அண்ணன் ஏதோ பதில் சொன்னார். பயிற்சியாளர் தலையசைத்து, 'கலெக்டரை இன்னிக்கு நடையோட நிறுத்திக்கங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சைஸ்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வளாகத்தில் எல்லோருக்குமே குதிரையின் பெயர் அதுதான். திங்கட்கிழமை நகல் வந்து பதினோராம் பக்கத்தைப் புரட்டினால், எந்தக் குதிரை, எந்த நாள், ரத்தம் உண்டா என்று தன் லாயத்தையே அவர் வரிசையாகப் படித்துவிடுவார். துணி கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம் போதும்.

பேக்கரிப் படிகளில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். 'நானும்தானேக்கா பாத்தேன்' என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டரைத் திறந்து படிவத்தின் விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அனுப்பியதைத் திருத்த வழியில்லை. திங்கள் காலைக்குள் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் அந்தச் சுற்றில் மறுபடி அனுப்ப முடியாது. அடுத்த சுற்று ஒரு வருடம் கழித்து. அதுவரை அவருக்கு ஊட்டியில் வேலை இருக்காது. நான் அழ ஆரம்பித்தேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். எதிர்க் கடைக்காரர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்ததை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். திரும்பி வந்தபோது முடிவோடு வந்தார்.

'அண்ணன்கிட்ட இதைச் சொல்லவேண்டாங்க்கா. சொன்னா, பரவால்ல போகட்டும்னுதான் சொல்வாரு. அவரை அப்படிச் சொல்லவெக்கிறதே தப்பு.' இவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு உயர்ந்த வார்த்தையாகப் பட்டது! நிச்சயமா என்று திரை ஒருமுறை கேட்டது. திரும்பப் பெற்றால் மீண்டும் அனுப்ப இயலாது, நிச்சயமா என்று இன்னொரு முறை கேட்டது. இரண்டு முறையும் அவரே அழுத்தினார். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நொடி எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. என் தப்பால் ஒரு மனிதரின் வேலை போகாது, யாரும் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கத்தமாட்டார்கள் என்ற நிம்மதி. டாக்டரம்மாவின் மூன்று வருடம் போனது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் கடைசியில் அவர் போனார். கம்பூட்ஸைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில் கட்டிக்கொண்டு போனார். கீழே ஒரு நகரத்தில் குதிரை மருத்துவமனையில் வேலை. சைஸ் அண்ணன் பேக்கரி வாசலில் என்னை நிறுத்தி, 'நம்ம தாளு என்னங்க அம்மணி ஆச்சு? பணம் வருமுங்களா?' என்று கேட்டார். 'வரலீங்கண்ணா' என்றேன். பொய்யில்லை. அவர் ஒன்றும் கேட்காமல், 'செரி, அவங்க என்ன பண்ணுவாங்க' என்று சொல்லிவிட்டு நடந்தார். சீசன் முடிந்து குதிரைகள் லாரி ஏறின, அவரும் போனார். அதன்பிறகு பல வருடம் அவரை நான் பார்க்கவில்லை. டாக்டரம்மாவும் நானும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவோம். உடம்பு, வேலை, மழை என்று எல்லாம் பேசுவோம். அந்தச் சனிக்கிழமையை மட்டும் இரண்டு பேரும் தொடமாட்டோம்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நான் கோத்தகிரியில் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, காலேஜ் அட்மிஷன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்துவதற்குமுன் நான் ஐந்து முறை படிப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் எரிச்சல்படுவார்கள். 'சீக்கிரமாப் போடுங்க, பஸ் போயிரும்' என்பார்கள். போகட்டும், அடுத்த பஸ் வரும் என்பேன். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சமாதானம் மட்டும் இருந்தது: என் தப்புக்கு டாக்டரம்மா விலை கொடுத்தார், ஆனால் சைஸ் அண்ணனைக் காப்பாற்றிவிட்டோம். படுக்கும்போது மனது அரித்தால் அதைச் சொல்லித்தான் தூங்குவேன்.

இந்த வருடம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி சேகரிக்கிற பொறுப்பு பெண்கள் சங்கத்துக்கு வந்தது. கேரட் மூட்டை வாங்க ஜீப்பில் கேத்தி பாலாடாவுக்குப் போனோம். தோட்டத்திலிருந்து வரும் கேரட்டை இயந்திரத்தில் போட்டுக் கழுவுகிற ஒரு களத்தில் வண்டி நின்றது. மற்றவர்கள் விலை பேசப் போனார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னையே பார்த்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. 'டாக்டரம்மா நல்லா இருக்காங்களா அம்மணி?' என்று கேட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

குதிரையை விட்டு வேறு வேலையில் அவரை நான் பார்த்ததே இல்லை. நலம் விசாரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் அடைத்து வைத்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. அட்டவணை, லாயத்துப் பெயர்கள், பயிற்சியாளர் இறங்கி வந்த ஜீப், டாக்டரம்மா இரண்டு முறை அழுத்தியது என்று நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், அவர் எங்களுக்கு நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் குழாயை மூடினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

'அப்ப அந்தத் தாளு போயிருந்தா, திங்கக்கெழமை ட்ரெய்னர் கைக்கு வந்திருக்குமுங்களா?'

ஆமாம் என்றேன்.

'மூக்குத்திக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் வந்துதுன்னு எழுத்துல?'

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் கேரட் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த சீசனில் மூக்குத்தி மேலே வந்த ஐந்தாம் நாளே அதை வேகமாக ஓடவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கே அவர் துண்டில் பார்த்துவிட்டார், எப்போதும்போலத் தண்ணீரில் போட்டுவிட்டார். கொடுக்க டாக்டரம்மா இல்லை. இரண்டாவது பந்தயத்தில் ஓடி முடித்து வரும்போது இரண்டு மூக்கிலும் வந்திருக்கிறது. இவர் ஓடிப்போய் லகானைப் பிடிப்பதற்குள் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே அவர் லாயத்தை விட்டு வந்துவிட்டார். குதிரை வேலைக்கு மறுபடி போகவில்லை.

அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடையில் உட்கார்ந்தேன். கணக்கு எனக்கும் புரிந்துவிட்டது. நகல் போயிருந்தால் ரத்தம் வந்ததாக எழுத்தில் இருந்திருக்கும். நாலு பயிற்சியாளர் கையிலும் அது எழுத்தில் வந்துவிட்டால் மூக்குத்தியை நிறுத்தித்தான் ஆகவேண்டும், எவராலும் மறைத்திருக்க முடியாது. நான் செய்த தப்பு அந்தக் குதிரையைக் காப்பாற்றியிருக்கும். அதைத் திருத்த நாங்கள் செய்ததுதான் அதைக் கொன்றது. உங்கள் வேலை போய்விடுமே என்றுதான் அண்ணா, என்று நான் ஏதோ முனகினேன். 'வேலைங்களா? இதா, கேரட் களுவறேன். இதும் வேலைதானுங்க' என்றார். கோபமில்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்.

'ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்துத்தானே டப்பாவைக் குடுப்பீங்க. பயந்துட்டிருந்தீங்கன்னு நெனச்சேன்' என்றேன்.

'பாதியில தெரிஞ்சா துணி குடுக்க உடமாட்டாங்கன்னு பாத்தனுங்க. தாளு போயிட்டா அப்பறம் என்ன பயம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க அம்மணி.'

கேட்டால் நீங்கள் போகட்டும் என்றுதான் சொல்வீர்கள், அதனால்தான் கேட்கவேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார் என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

'ஆமாங்க, சொல்லித்தான் இருப்பேன். அதுக்குத்தானுங்க துணியே குடுத்தேன்.'

அந்த மனிதரின் பயத்தை நாங்களே கற்பனை செய்தோம், நாங்களே பரிதாபப்பட்டோம், நாங்களே தியாகமும் செய்து முடித்தோம். அதில் அவருக்கு ஒரு இடம்கூட வைக்கவில்லை. இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்று தெரியவில்லை. கூடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சங்கத்துப் பெண்கள் மூட்டையை ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரே இரண்டு மூட்டையைத் தூக்கி வந்து ஜீப்பில் வைத்தார். வண்டி கிளம்பும்போது என் பக்கத்து ஜன்னலுக்குக் குனிந்தார். 'டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லிராதீங்க. அவங்களுக்கு மனசு தாங்காது.'

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறந்ததிலிருந்து நான் சொல்லிவந்த பதில் அதுதான். யாருக்கும் வலிக்கவேண்டாம், யாருக்கும் தெரியவேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம். 'அதை அவங்ககிட்டயே கேட்டுக்கறேங்கண்ணா' என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, செரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை கடையைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தேன். இரண்டு முறை தப்பான பெயரை அழுத்திவிட்டேன். டாக்டரம்மா எடுத்ததும், என்னக்கா, பண்டிகை வேலையா என்று உற்சாகமாகக் கேட்டார். நான் நலம் விசாரிக்கவில்லை.

'சைஸ் அண்ணனை இன்னிக்குப் பாத்தேன். மூக்குத்தியைப் பத்தி ஒரு விஷயம் சொன்னாரு. கேட்டா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். சொல்லட்டுமா, வேண்டாமா?'

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற ஓசையும், கதவைச் சாத்துகிற ஓசையும் கேட்டன.

'சொல்லுங்கக்கா' என்றார்.